எட்டாம் மலைக் கல்

கல்லைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் பெண் ஒருத்தி எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டு முன்னறையில் வாடகைக்கு இருந்தாள். "ஆண்ட்டி, தேயிலைக்குள்ள கிடக்கிற கல்லு ஒண்ணு வேணும் லா. சின்னதே போதும்," என்றாள். எனக்கு யாரிடமும் மறுத்துப் பேச வராது. எட்டாம் நம்பர் மலையில் முதல் தேயிலை நிரையின் தலைப்பில் கிடந்ததைத் தூக்கி வந்து கொடுத்தேன்.

இரண்டு வாரம் கழித்துத்தான் உறைத்தது. கொழுந்து பறிக்கத் தொடங்கும் இடத்தில் கல் நட்டு, மஞ்சள் பூசிக் கும்பிட்ட பிறகுதான் அந்தக் காலத்தில் கூடையை மாட்டுவோம். இப்போது பறிப்பவர்கள் பங்களாதேஷ்காரர்கள். மஞ்சளெல்லாம் மழையில் போய், சாமி வெறும் கல்லாகக் கிடந்திருக்கிறது. ஆடி முதல் வெள்ளிக்கு மட்டும் என் நாத்தனார் போய்க் குளிப்பாட்டுவாள். அதற்கு ஐந்து நாள்தான் இருந்தது. கல்லைக் காணாவிட்டால் ஆயுசுக்கும் என் முகத்தில் விழிக்க மாட்டாள்.

கதவோரம் நின்று கல்லைத் திரும்பக் கேட்டேன். அந்தப் பெண் உடனே எடுத்துக் கொடுத்தாள். ஒரு பக்கம் அறுத்து வழவழவென்று இருந்தது.

"உள்ள எப்படி இருக்குன்னு பாக்குறீங்களா ஆண்ட்டி?"

கம்ப்யூட்டரில் இரண்டு படங்கள். ஒன்று, எங்கள் கல்லில் சீவிய சீவல். மற்றது அவள் கணக்குப் போட்டு உண்டாக்கிய கல். அதில் சாம்பலும் நீலமுமாகப் பருக்கைகள் சோறு போலக் கிடந்தன. ஒரு பொத்தானை அமுக்கினாள். பருக்கைகள் நசுங்கி நீண்டன. ஒன்று, பக்கத்தில் இருந்ததை மெல்ல உள்ளே இழுத்துப் பருத்தது. பிறகு அடுத்ததை.

"உயிர் இருக்கா?"

"இல்ல ஆண்ட்டி. பூமிக்குள்ள சூட்டுலயும் அழுத்தத்துலயும் கல்லு உடையாமலே உருமாறும். லட்சக்கணக்கான வருஷம் ஆகும், யாரும் பாக்க முடியாது. அதான் இப்படி ஓட்டிப் பாக்குறோம். கடைசியில உங்க கல்லு மாதிரியே வந்தா, கணக்கு சரி."

வந்தது. இல்லாத ஒரு கல், என் கண் முன்னே எங்கள் சாமியின் உட்புறமாக மாறி நின்றது.

மறுநாள் பனிமூட்டத்தில் கொண்டுபோய், அறுத்த பக்கம் மண்ணைப் பார்க்க வைத்துவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை நாத்தனாரோடு நானும் போனேன். தண்ணீர் ஊற்றிக் கல்லைப் புரட்டியவளின் கை அப்படியே நின்றது.

"யாருடி சாமி முதுகைச் சீவினது?"

"நான்தான் அண்ணி. தெரியாம அந்தப் புள்ளகிட்ட எடுத்துக் குடுத்துட்டேன்."

"இத்தனை வருஷம் வாயே திறக்காதவ. திறந்தா இதான் வருதா?" திட்டுவாள் என்று தலை குனிந்தேன். அவளோ குரலைத் தாழ்த்தி, "உள்ள என்ன இருந்துச்சு?" என்றாள்.

"ஒண்ணை ஒண்ணு தின்னுக்கிட்டு இருக்கு அண்ணி. சத்தமே இல்லாம."

கையை எடுத்துக்கொண்டாள். மூட்டம் நிரைகளுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"அவ்வளவு பசியா?" என்றாள். "நாம வருஷத்துக்கு ஒரு தேங்காய்தானே உடைச்சோம்."

எப்போதும் ஒரு மூடியை வைத்துவிட்டு மற்றதைச் சமையலுக்குக் கொண்டு வருவாள். அன்றைக்கு இரண்டு மூடியையும், எங்களுக்கென்று கட்டி வந்த பொங்கலையும் அங்கேயே வைத்தாள். இறங்கினோம். திரும்பிப் பார்க்க இரண்டு பேருக்கும் துணிவு வரவில்லை.