கம்பத்தில் ஏறிய கோடு

குவியலில் மூன்று மீட்டர் இறக்கம், அதன்மேல் போர்த்த ஒரு தார்ப்பாய், பதினோரு நாள் பறிபோய்த் திரும்பி வந்த வேலை. தண்ணிக்காரி வென்றவை இவ்வளவுதான். அவள் ஆறாம் வகுப்போடு நின்றவள். எதிரே நின்றவர் இரண்டு பட்டம் வாங்கிய மேனேஜர்.

எண்ணெய் ஆலையில் மிஞ்சும் கரியான பெட்கோக்கை அந்தக் கிடங்கில் மலையாகக் கொட்டி விற்றார்கள். தூசு பறக்காமல் அதன்மேல் தண்ணீர் அடிப்பது அவள் வேலை. குவியல் ஆறு மீட்டரைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். பக்கத்து இரும்புக் கம்பத்தில் அந்த உயரத்துக்குச் சிவப்புக் கோடு போட்டதும் அவள்தான்.

பிறகு சந்தை வளர்ந்தது. சிமெண்ட் ஆலைகள் வாங்கிக் குவித்தன. மேனேஜர் சட்டத்தை மதிப்பவர். குவியல் கோட்டைத் தாண்டுவதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஆகவே கோட்டை ஏற்றச் சொன்னார். மூன்று வருஷத்தில் மூன்று முறை அவளே ஏணி ஏறிப் பெயிண்ட் அடித்தாள். தெருவில் காயப்போட்ட துணியெல்லாம் கறுத்தது. குற்றவாளி காற்றுதான் என்று மேனேஜர் கண்டுபிடித்தார்.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சோதனைக்கு முந்தின நாள், தையல்காரரான அண்ணனிடம் அளவு டேப் கேட்டாள்.

“யாருக்கும்மா சட்டை?”

“மலைக்குண்ணே. அளவு கூடுதலா இருந்தா என் வேலை போயிடும்.”

அண்ணன் டேப்பைக் கழுத்திலிருந்து கழற்றினார். “அப்போ ஒழுங்கா அள. தொளதொளன்னு எடுத்துட்டு வந்து நிக்காதே.”

கோட்டைத் தொட, ஒன்றரை மீட்டர் டேப் ஆறு முறை ஏறியது.

மறுநாள் அதிகாரி வந்ததும் மேனேஜர் படிவத்தை நீட்டினார். ‘கோடு ஆறு மீட்டரில் உள்ளது. வரைந்தவர்:’ என்று இருந்தது.

“கைநாட்டு போதும்மா.”

சம்பளத் தாளிலும் அவளுக்குக் கைநாட்டுதான். எழுதத் தெரியுமா என்று அங்கே ஒருவரும் கேட்டதில்லை. மை டப்பா அவ்வளவு வசதி.

“பேனா குடுங்க சார்.”

“உனக்கெதுக்கு பேனா?”

“ஒன்பதை ஆறுன்னு அடிச்சிருக்காங்க. திருத்தணும்ல?”

மேனேஜர் சிரித்த முகத்தோடு குனிந்தார். “எழுதினா நாளைக்கு வராதே.”

“அதையும் கீழே எழுதிடட்டுங்களா?”

அதிகாரி தன் பேனாவைக் கொடுத்தார். அவள் ஆறை அடித்து ஒன்பது என்று எழுதி, அவசரமில்லாமல் தன் பெயரை முழுதாகப் போட்டாள். பக்கத்தில் தேதி: 14 மார்ச் 2023, செவ்வாய்க்கிழமை.