துருசு போன இடம்

1. பொன்தூள்

ஐப்பசி பிறந்து வாடைக்காற்று எழுந்திருந்த ஒரு காலை, எங்கள் பெரிய தொட்டியிலிருந்த ஏஞ்சல் மீன்கள் எல்லாம் காற்றுக் குழாயைச் சுற்றித் தண்ணீரின் மேல்மட்டத்தில் கூடி நின்றன. செவுள்கள் படபடவென்று அடித்தன. சில மீன்கள் அடியில் கிடந்த கல்லில் உடம்பைத் தேய்த்துக்கொண்டன. ரோச் லைற்றைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தேன். தோலின்மேல் மாவைவிட மெல்லிய பொன்னிறத் தூள் படிந்திருந்தது.

இந்தத் தொழிலில் அதற்கு வெல்வெட் என்று பெயர். பெயர்தான் அழகு. கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணிகள் செவுளில் ஏறி உட்கார்ந்து மீனின் மூச்சை அடைக்கின்ற நோய் அது. ஒரு மீனில் கண்டால் தொட்டி முழுவதற்கும் வந்துவிட்டது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

அலங்கார மீன் தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். நடந்து சில வருடங்கள்தான் ஆகின்றன.

பருத்தித்துறைக்கு அருகே கடற்கரையில் மீன் பிடித்து வைக்கும் கொட்டகையான அந்த வாடியில் நான் தொட்டிப் பொறுப்பாளர். முதலாளி சிற்றம்பலம் சுன்னாகத்தில் வெங்காய மொத்த வியாபாரம் செய்தவர். கடலுக்கடியில் பவளப் பாறைகள் நிறைந்த பார்களில் சுழியோடி எங்களுக்கு மீன் பிடித்து வந்தவர்களில் ஒருவன் என் மகன் ரவி. கண்ணாடி முகமூடியும் கைவலையும் தவிர அவனிடம் வேறு ஒன்றும் இல்லை.

முதலாளி வந்து தொட்டியை எட்டிப் பார்த்தார்.

"என்ன கணேசு, உதுகள் ஏன் மேலை நிண்டு வாயைப் பிளக்குதுகள்? தீன் கேக்குதுகளோ?"

"இல்லை முதலாளி, வருத்தம்."

"வெங்காயமெண்டா அழுகினதைப் பொறுக்கி எறிஞ்சுபோட்டு மிச்சத்தை விக்கலாம். இது என்ன வியாபாரமப்பா!" சால்வையை உதறித் தோளில் போட்டார். "மாசக் கடைசியிலை முதல் ஓடர் போகவேணும். வியாழக்கிழமைக்குள்ளை உதுகள் தீன் எடுக்காட்டி, அண்டைக்கு விடியவே புது மீன் பிடிக்க வள்ளம் இறங்கும். பிந்தினால் கடல் இன்னும் மோசம். சொல்லிப்போட்டன்."

வள்ளம் இறங்கினால் அதில் போகிறவன் ரவி. முந்தைய வருடம் இதே வாடையில், அவன் வேறொரு வாடிக்காகத் தண்ணீருக்குக் கீழே இருந்தபோது நங்கூரக் கயிறு அறுந்து வள்ளம் இழுபட்டுப் போய்விட்டது. அவன் மிதந்துகொண்டே கிடந்தான். பொழுது சாயும் நேரத்தில் வேறு ஊர் வள்ளமொன்று அவனைத் தூக்கிக்கொண்டு வந்தது. அந்தப் பகல் முழுவதும் நான் கரையில் நின்றேன். அதற்குப் பிறகு காற்று இரைந்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

2. கூட்டிய அளவு

வெல்வெட்டுக்கு மருந்து கொப்பர் சல்பேற் என்ற நீல நிறச் செம்பு உப்பு, எங்கள் ஊர்ப் பேச்சில் துருசு. அளவைக் கொழும்பு ஏற்றுமதியாளர் ரெலிபோனில் சொன்னார். தொட்டியின் நீள அகல ஆழத்தை அளந்து, கணக்குப் பார்த்துக் கரைத்து ஊற்றினேன். மறுநாள் மீன்கள் அப்படியே நின்றன. இரண்டு செத்து மிதந்தன.

"மருந்து காணாது. கூட்டும்" என்றார் முதலாளி.

கூட்டினேன். பிறகும் கூட்டினேன். துருசு மீனுக்கும் நஞ்சுதான். ஒட்டுண்ணியைக் கொல்லும் அளவுக்கும் மீனைக் கொல்லும் அளவுக்கும் இடைவெளி மிகச் சிறியது. நான் ஊற்றிய அளவில் மீன்கள் துடித்திருக்க வேண்டும். அதுவும் நடக்கவில்லை. ஒட்டுண்ணியும் சாகவில்லை, மீன்கள் மருந்தை உணர்ந்த மாதிரியும் தெரியவில்லை. இதுதான் எனக்கு விளங்கவில்லை.

ரவி தொட்டி ஓரத்தில் குந்தியிருந்து கைவலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தான்.

"அப்பா, நீங்கள் மீனுக்கு மருந்து குடுக்கிறியளோ, தேத்தண்ணி குடுக்கிறியளோ?"

"பகிடி விடாதை மோனை."

"நான் போய்ப் புது மீன் பிடிச்சுக்கொண்டு வாறன் எண்டுறன். பயம் உங்களுக்குத்தான்."

"ஓம், எனக்குத்தான். நீ தண்ணிக்குக் கீழை இருந்தனி. கரையிலை நிண்டது நானெல்லே."

அவன் குனிந்து அடுத்த கிழிசலைப் பொத்தத் தொடங்கினான்.

3. சுன்னாகத்துக் கடை

இன்னும் துருசு வாங்கிவரச் சொல்லி முதலாளி என்னைச் சுன்னாகத்துக்கு அனுப்பினார். அந்த விவசாய மருந்துக் கடையில்தான் நான் முன்பு பல வருடம் விற்பனையாளராக இருந்தேன். முந்திரிகை, அதாவது திராட்சைத் தோட்டக்காரர்கள் நோய்க்குத் துருசையும் சுண்ணாம்பையும் கலந்து கொடிக்கு அடிப்பார்கள். துருசு தனியே பட்டால் இலை கருகும். அதன் வேகத்தைத் தணிக்கத்தான் சுண்ணாம்பு. கலவையில் ஒரு இரும்பு ஆணியைத் தோய்த்தால், அடங்காத துருசு மிச்சமிருக்குமானால் ஆணியில் செம்பு படிந்து சிவக்கும். வாங்க வருகிற ஒவ்வொருவருக்கும் இதைச் சொல்லிக் கொடுப்பது என் வழக்கம்.

நான் போனபோது உரும்பிராய் முந்திரிகைத் தோட்டக்காரர் செல்லையா அண்ணை கடைக்காரருடன் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்.

"மருந்தடிச்சும் கொடியிலை நோய் நிக்கேல்லை. நீங்கள் கலப்படத் துருசு வித்திருக்கிறியள்!"

பழைய பழக்கத்தில் நான் இடையே புகுந்தேன். "அண்ணை, சுண்ணாம்பு எவ்வளவு போட்டனீங்கள்?"

"அட, கணேசு! இலை கருகப்படாதெண்டு கொஞ்சம் தாராளமாப் போட்டனான். ஆணி சிவக்கப்படாதெண்டு நீர்தானே சொல்லித் தந்தனீர்?"

"சிவப்பு நிண்டவுடனை சுண்ணாம்பையும் நிப்பாட்டச் சொன்னனானெல்லே? நீங்கள் அதுக்கு மேலையும் அள்ளிக் கொட்டியிருக்கிறியள். முழுத் துருசையும் சுண்ணாம்பு திண்டிட்டுது."

சொல்லும்போதே எங்கள் தொட்டி என் கண்முன்னே வந்தது. சீமெந்து கிடைக்காத நேரத்தில் பவளம் இறுகிய முருகைக்கல்லால் கட்டி, சுண்ணாம்புச் சாந்து பூசிய தொட்டி. மீன்களுக்குக் கடலைப்போல இருக்கட்டும் என்று அடியிலும் முருகைக்கல், வெள்ளை மணல். சுவர், கல், மணல் எல்லாமே சுண்ணாம்பு.

"என்ன காணும், பேயறைஞ்சவன் மாதிரி நிக்கிறீர்?" என்றார் செல்லையா அண்ணை.

துருசு வாங்காமலே பஸ் ஏறினேன்.

4. இரண்டு போத்தல்

"மருந்து எங்கை?" முதலாளி வாசலிலேயே மறித்தார்.

"முதல் வாங்கினதையெல்லாம் தொட்டி குடிச்சுப்போட்டுது முதலாளி."

அவர் என் கண்ணை உற்றுப் பார்த்தார். எனக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்ற பார்வை அது. நான் இரண்டு கண்ணாடிப் போத்தல்களில் கடல் தண்ணீர் எடுத்து, எஞ்சியிருந்த துருசை இரண்டிலும் கரைத்தேன். தொட்டிச் சுவரில் கொஞ்சம் சாந்தைச் சுரண்டி ஒன்றில் மட்டும் போட்டுக் குலுக்கினேன். பிறகு இரண்டிலும் ஆணியை இறக்கினேன்.

சாந்து போடாத போத்தலில் தண்ணீர் நீலமாகவே நின்றது. ஆணி சிவந்தது. மற்றதில் நீலம் முழுவதும் திரைந்து அடியில் இறங்கியது. மேலே தெளிந்த தண்ணீரில் ஆணி நிறம் மாறாமல் கிடந்தது.

முதலாளி இரண்டு போத்தலையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"அப்ப இவ்வளவு நாளும் நாங்கள் சுவருக்கோ வைத்தியம் பாத்தது?"

ரவி விழுந்து விழுந்து சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வியாழக்கிழமை கிட்ட வந்துகொண்டிருந்தது.

பக்கத்தில் வெறுமையாகக் கிடந்த தொட்டிக்குள் மீன் பொதி செய்கிற பொலித்தீனை இரண்டு மடிப்பாக விரித்தோம். கல் இல்லை, மணல் இல்லை. மீன்கள் ஒளிந்துகொள்ளப் பிளாஸ்ரிக் குழாய்த் துண்டுகள் மட்டும் போட்டோம். புதுக் கடல் தண்ணீர் நிரப்பி, மீன்களை ஒவ்வொன்றாக மாற்றினோம்.

மருந்து ஊற்றும்போது முதலாளி வாளியைப் பிடித்துக்கொண்டார்.

"கடைசியா ஊத்தின அளவையே ஊத்தும். நாளெல்லே போகுது!"

"அந்த அளவை இதுக்குள்ளை ஊத்தினால் ஒண்டும் மிஞ்சாது. இஞ்சை குடிக்கிறதுக்குச் சுவர் இல்லை. மீன்தான் குடிக்கும். முதல் சொன்ன சின்ன அளவு போதும்."

"அது பலிக்காட்டி?"

பலிக்காவிட்டால் என்ன நடக்கும் என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். அப்போது ரவி முன்னால் வந்தான்.

"முதலாளி, கடலுக்குப் போறது நான். நான் அப்பாவை நம்புறன். அவர் சொன்ன அளவை ஊத்துவம்."

முதலாளி வாளியை விட்டார்.

5. வியாழக்கிழமை

மறுநாள் செவுள் அடிப்பு குறைந்த மாதிரி இருந்தது. ஆசையில் அப்படித் தெரிகிறதோ என்று ரவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவனும் ஓம் என்றான். அதற்கடுத்த நாள் மீன்கள் காற்றுக் குழாயை விட்டு விலகின. ஆனால் தீன் எடுக்கவில்லை.

வியாழன் விடிந்தபோது காற்று இரைந்தது. வள்ளம் மணலில் தயாராக நின்றது. முகமூடி ரவியின் கையில் இருந்தது. முதலாளி தொட்டியோரம் நின்றார். நான் மட்டிச் சதையைப் பொடியாக வெட்டித் தூவினேன். அது மெல்ல மெல்லத் தாழ்ந்தது. ஒரு மீனும் அசையவில்லை. பிறகு குழாய்த் துண்டுக்குள்ளிருந்து ஒரு பெரிய ஏஞ்சல் தலையை நீட்டியது. கிட்ட வந்தது, பார்த்தது, கொத்தியது. அதைக் கண்டதும் மற்றவை எல்லாப் பக்கத்தாலும் பாய்ந்து வந்தன. தண்ணீர் தெறித்து முதலாளியின் சால்வை நனைந்தது.

"திண்ணுதுகளடா!" என்று அவர் கத்தினார். "வள்ளத்தை மேலை ஏத்துங்கோடா! தை பிறந்து கடல் அடங்கினாப்பிறகு பாப்பம்!"

பொலித்தீன் தொட்டியில் மருந்தின் முழுக் காலத்தையும் முடித்து, மாதக் கடைசியில் ரயில் நிலையத்தில் மீன்களைக் கொழும்புக் கோச்சியில் ஏற்றினோம். வழியில் ஒன்றுகூடச் சாகவில்லை என்று செய்தி வந்தது. முதலாளி வாடியில் எல்லோருக்கும் தன் கையால் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

புதிதாக வருகிற பிள்ளைகளே, மருந்து வேலை செய்யவில்லை என்றால் உடனே அளவைக் கூட்டாதீர்கள். முதலில் ஊற்றிய மருந்து எங்கே போனது என்று கேளுங்கள். நோயுள்ள மீனின் தொட்டியில் கல்லும் மணலும் வைக்காதீர்கள். தொட்டியை மாற்றினால் அளவையும் புதிதாகக் கணக்குப் பாருங்கள்.

அந்த வியாழக்கிழமை மத்தியானம் பாரின்மேல் அலைகள் வெள்ளை வெள்ளையாக உடைந்தன. ரவி என் பக்கத்தில் குந்தியிருந்து பாணும் சம்பலும் சாப்பிட்டான்.

"என்னப்பா, என்னையே பாத்துக்கொண்டிருக்கிறியள்?" என்றான்.

"தீன் எடுக்கிறியோ எண்டு பாக்கிறன்" என்றேன்.