‘கிசியெரா’ என்று கேட்டேன்

நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் இரும்பு ராடு தூக்கும் கூலியாளாகச் சேர்ந்து, பிறகு திருச்செங்கோட்டில் சொந்தமாக வண்டிகள் ஓட்டினேன். ஆந்திராவில் தெலுங்கும் ராஜஸ்தானில் இந்தியும் வேலை நடந்த இடத்தில் நின்றே பிடித்துக்கொண்டேன். ஸ்பானிஷ் எம்மாத்திரம் என்றுதான் இந்த வயதில் உட்கார்ந்தேன்.

ஸ்பெயினுக்கு வேலைக்குப் போன எங்கள் ஒரே மகன் அங்கேயே கல்யாணம் செய்து, போன வருஷம் மாரடைப்பில் அங்கேயே போய்விட்டான். முதல் திதிக்குப் பேத்தியை அழைத்து வரும்படி மருமகளைக் கேட்க வேண்டும். அவளுக்குத் தமிழ் வராது, எனக்கு இங்கிலீஷ் வராது. போனே மொழிபெயர்க்கும் என்றார்கள். என் பிள்ளையின் காரியத்துக்கு மிஷினா அழைப்பு வைப்பது?

சேலத்து டீச்சரம்மா ஒருவர் போனிலேயே பாடம் எடுத்தார். ‘வேண்டும்’ என்று நேராகச் சொன்னால் அதிகாரமாகப் படுமாம். பணிந்து கேட்க வேறு உருவம் இருக்கிறதாம்.

“இதெல்லாம் ஒழுங்குக்கு அடங்காத வினைங்க ஐயா. ‘அவர்கள் விரும்பினார்கள்’ங்கறது கிசியெரோன். கடைசி ‘ரோன்’ எடுத்துட்டு ‘ரா’ போடுங்க.”

“கிசியெரா.”

“அவ்வளவுதான், ‘விரும்பறேனுங்க’ன்னு பணிஞ்சு கேக்கறது. ‘அவர்களால் முடிந்தது’ புதியெரோன். ‘முடிந்தால்’னு சொல்ல?”

“புதியெரா. ராடு கழட்டி ராடு மாட்டறதுதானே சாமி, கண்ண மூடிட்டுப் பண்ணுவேன்.”

சமையலறையிலிருந்து என் சம்சாரம் குரல் கொடுத்தாள். “ஏனுங்க, நம்மூட்ல ஒரு சொம்புத் தண்ணிய இப்படிப் பணிஞ்சு கேட்டிருக்கீங்களா?”

‘வந்தார்கள்’ என்ற வினியெரோனிலிருந்து ‘நீங்கள் வந்தால்’ என்பதற்கு வினியெராய்ஸ் என்பதையும் வார்த்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை மருமகளை வீடியோவில் கூப்பிட்டேன்.

“கிசியெரா கே வினியெராய்ஸ்.” நீங்கள் வந்தால் நன்றாக இருக்கும்.

மடியில் இருந்த குழந்தை என்னை யாரோபோலப் பார்த்தது. அதற்கு என் மகனுடைய காது. மருமகள் தலை குனிந்தாள். “சி புதியெரா…” என்று ஆரம்பித்தாள். முடிந்தால். மேலே போக முடியாமல் அழுதாள். பிறகு தலையை ஆட்டி, “நோ புவேதோ” என்றாள். என்னால் முடியாது. அவன் இல்லாத வீட்டுக்கு எப்படி வருவாள்? போன் அணைந்தது.

“என்னங்க சொல்றா? வாராளாமா?”

“வரலையாம்.”

பேத்திக்கென்று தைத்து வைத்திருந்த பட்டுப்பாவாடையைச் சம்சாரம் மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள். “நல்லாக் கேட்டீங்களா?”

“நல்லாத்தான் கேட்டேன்.”

ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை.