அம்மாக்கண்ணு வீட்டுப் பெரியவர்

அம்மாக்கண்ணுவுக்கு வாய் சும்மா இருக்காது. அடுப்பு புகைந்தால் அடுப்பைத் திட்டுவாள். சாமைக்கொல்லையில் களை பிடுங்கும்போது களையிடம் நியாயம் கேட்பாள். புருஷன் போய்ச் சேர்ந்து, மகளையும் ஒடுகத்தூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்த பிறகு அந்தப் பேச்சு கூடித்தான் போயிற்று. பக்கத்து வீட்டுப் பெரியம்மாள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "இன்னாக்கா, விருந்தாளியா?" என்று கேட்பாள். கேலிதான். ஆனால் அன்றைக்கெல்லாம் அம்மாக்கண்ணு வாயைக் கட்டிக்கொண்டு வேலை செய்வாள். காய்ச்சல் கண்ட மாதிரி உடம்பு வாடிப்போகும்.

எழுபத்தொன்பதாம் வருஷம், மாசி மாதம். மாட்டுக்குக் கழிச்சல் கண்டு, மருந்து வாங்க மலையிலிருந்து போளூருக்கு இறங்கினாள். மாட்டாஸ்பத்திரியை ஒட்டி ஒரு கம்பிவலைக் கொட்டகை இருந்தது. கம்பவுண்டராக இருந்து ஓய்வுபெற்ற பிலிப்ராஜ், யாராவது விட்டுவிட்டுப் போன நாய்களையும் அடிபட்ட நாய்களையும் அங்கே வைத்துப் பார்த்துக்கொண்டார். நல்ல மனுஷர்கள் கேட்டால் கொடுப்பார். கேட்டு வந்தவர்களெல்லாம் குட்டிதான் கேட்டார்கள்.

கொட்டகை ஓரத்தில் செம்மண் நிறத்தில் ஒரு பெரிய நாய் படுத்திருந்தது. முகவாய் நரைத்துவிட்டது, ஒரு காது கிழிந்திருந்தது. மாற்றலாகிப் போன ஒரு குடும்பம் விட்டுப்போனதாம். மருந்துக்குக் காத்திருந்த அம்மாக்கண்ணு, மாட்டுக்கு வந்த கழிச்சலைப் பற்றி அதனிடம் சொல்ல ஆரம்பித்தாள். அது தலையைச் சாய்த்து, கிழிந்த காதை அவள் பக்கம் திருப்பிக் கேட்டது. நடுவில் எழுந்து போகவில்லை. கடைசிவரை கேட்டது.

அதையே கொடுக்கும்படி கேட்டாள். பிலிப்ராஜ் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"குட்டின்னா எந்த வூட்லயும் ஒட்டிக்கும்மா. இது வளந்த நாயி, ஒருதடவை ஏமாந்த நாயி. பங்குனி உத்திரம் முடிஞ்சதும் நான் மேல வந்து பாப்பேன். ஒங்ககிட்ட ஒட்டலன்னா இட்டாந்துடுவேன்."

அவள் சரி என்றாள். அவர் நாய்க்குக் கழுத்துப் பட்டையை மாட்டிக் கொண்டுவந்தார். அதில்தான் சண்டை வந்தது. மலையில் மாடு வாங்கினால் பழைய கயிற்றை விற்றவன் வீட்டிலேயே விட்டுவிட்டு, தன் கயிற்றில் பிடித்து வருவதுதான் முறை. பழைய கயிறு கூடவே வந்தால் மாட்டின் மனசு பழைய கொட்டகையிலேயே நின்றுவிடும். அம்மாக்கண்ணு பட்டையைக் கழற்றித் தரச் சொன்னாள். பிலிப்ராஜ் ஒப்பவில்லை. பட்டை இல்லாத நாயை டவுனில் நாய் பிடிக்கிறவன் வண்டியில் போட்டுக்கொண்டு போய்விடுவான் என்றார். வேறு வழியில்லாமல் பட்டையோடுதான் பஸ் ஏற்றினாள். "இதுக்கு யாரு டிக்கெட்டு எடுக்கறது?" என்றான் கண்டக்டர். பெரியவர்களுக்கு இடம் விட்டு உட்காரும்படி அம்மாக்கண்ணு அவனிடம் சொன்னாள். பஸ்ஸே சிரித்தது. அன்றிலிருந்து அதற்குப் பெயர் பெரியவர். தான் வளர்த்து ஆளாக்காத உயிரை எடுத்த எடுப்பில் 'டேய்' என்று கூப்பிட அவளுக்கு நாக்கு வரவில்லை. "வாங்க, சாப்டுங்க" என்றுதான் அழைத்தாள்.

பெரியவர் சாப்பிடவில்லை. பலாமரத்தடியில் கட்டிய இடத்தில் நின்றுகொண்டு பஸ் வரும் பாதையையே பார்த்தார். சாமைச் சோற்றில் கருவாட்டைப் பிசைந்து வைத்தாள். முகர்ந்துவிட்டு மறுபடி பாதையைப் பார்த்தார். அவள் பேசினால் காது மட்டும் ஒருமுறை அசையும். படுக்கக்கூட இல்லை. நின்றபடியே கண்ணை மூடித் தூங்கினார்.

"ஊர்ல இல்லாத நாயா? போளூர்ல போயி பென்ஷன் வாங்கன நாய இட்டாந்துகீற" என்றாள் பெரியம்மாள். அம்மாக்கண்ணு நாயின் விலாவைப் பார்த்தாள். விலா எலும்பு ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. பிலிப்ராஜ் வந்து பார்த்தால் ஒரு வார்த்தை கேட்கமாட்டார், பிடித்துக்கொண்டு போய்விடுவார்.

ஒரு நாள் காலை, புளி உலர்த்தப் பாயை விரித்துப் போட்டவள் அப்படியே எழுந்து பலாமரத்தடிக்குப் போனாள். எல்லாம் அந்தக் கயிறு செய்கிற வேலை என்று முடிவு கட்டிவிட்டாள். அவிழ்த்தால் மலையிறங்கி ஓடிவிடலாம். ஓடினால் ஓடட்டும், நின்று சாவதைப் பார்க்க முடியாது. பட்டையின் கொக்கியைக் கழற்றினாள். கழுத்தில் மயிர் தேய்ந்து வெளுத்த ஒரு வளையம் இருந்தது. அதைக் கட்டைவிரலால் நீவிவிட்டாள்.

"போறதுன்னா போடா" என்றாள்.

அது போகவில்லை. உடம்பை ஒருமுறை உதறியது. வீட்டைச் சுற்றி வந்து, பாயின் ஓரத்தில் மூன்று சுற்றுச் சுற்றி, பெருமூச்சு விட்டுக்கொண்டு படுத்தது. மத்தியானம் சட்டியை நக்கி வைத்தது. சாயங்காலம் பெரியம்மாளின் ஆடுகள் புளியில் வாய் வைக்க வந்தபோது வேலிவரை விரட்டிவிட்டு வந்து மறுபடி படுத்தது.

மறுநாளே அம்மாக்கண்ணு முறைப்படி பட்டையைத் துடைத்துக் கண்டக்டரிடம் கொடுத்து, மாட்டாஸ்பத்திரியில் சேர்த்துவிடச் சொல்லியனுப்பினாள்.

அடுத்த பஸ்ஸில் பிலிப்ராஜே வந்து இறங்கினார். உத்திரத்துக்கு இன்னும் நாள் இருந்தது. பாதையில் அவர் தலையைக் கண்டதும், நாயைப் பிடித்துப்போகத்தான் வருகிறார் என்று அம்மாக்கண்ணு பயந்தாள். நாயைக் குதிர் சந்தில் ஒளித்துவைத்துவிட்டுக் காட்டுக்குப் போய்விட்டதாகச் சொல்லலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். அதற்குள் அவர் வாசலுக்கு வந்துவிட்டார். கண் சிவந்திருந்தது.

"எங்கம்மா பொதைச்சீங்க?" என்றார்.

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் பைக்குள்ளிருந்து பட்டையை எடுத்துக் காட்டினார். அவரிடமிருந்து போன நாய்களில் செத்துப்போனவற்றின் பட்டைதான் இப்படித் தனியாகத் திரும்பி வருமாம். கண்டக்டரும் ஒரு வார்த்தை சொல்லாமல் கொடுத்துவிட்டுப் போனானாம்.

"அய்யோ, அப்டி இல்லீங்க. ஒங்க வூட்டுக் கயிறு ஒங்க வூட்டுக்கு வந்துட்டா, அதோட மனசு எங்க வூட்டுக்கு வந்துடும். அதுக்குத்தான் அனுப்பனேன்" என்றாள்.

பிலிப்ராஜ் வாசல் பாறையில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். மூச்சு சீரானதும் சிரித்தார். கொட்டகையில் பட்டை போடுவது வெளியே கூட்டிப்போகும்போது மட்டும்தானாம், உள்ளே வந்ததும் கழற்றிவிடுவாராம். பட்டையோடு இருந்தவரைக்கும் யாரோ வந்து கூட்டிப்போவார்கள் என்று அது காத்திருந்திருக்கும் என்றார். அதெல்லாம் இல்லை, கயிறுதான் காரணம் என்று அவள் ஒரே பிடியாக நின்றாள்.

குரல் கேட்டுப் பெரியவர் வந்தார். பிலிப்ராஜின் காலைச் சுற்றிச் சுற்றி வந்து, முழங்காலில் முகத்தை வைத்துத் தேய்த்து, முனகினார். அம்மாக்கண்ணு வேறு பக்கம் பார்த்தாள். இவ்வளவு ஆசையை அவள் இன்னும் அதனிடம் கண்டதில்லை. பிலிப்ராஜ் கையில் பட்டை வேறு இருந்தது. அவர் எழுந்தால் அது பின்னாலேயே போய்விடும் என்று நினைத்தாள். கூப்பிடக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

பிலிப்ராஜ் விலாவைத் தடவிப் பார்த்தார், பல்லைப் பார்த்தார், தலையாட்டிக்கொண்டார். பேச்சுவாக்கில் பக்கத்துப் பாயிலிருந்து ஒரு புளிச்சுளையை எடுக்கக் கையை நீட்டினார்.

நாய் சட்டென்று விலகிப் பாய்க்குக் குறுக்கே போய் நின்றது. தொண்டைக்குள் உறுமல். வால் இன்னும் ஆடிக்கொண்டுதான் இருந்தது. பல் மட்டும் வெளியே தெரிந்தது.

பிலிப்ராஜின் கை அந்தரத்தில் நின்றது.

"டேய், சோறு போட்ட கைடா அது" என்று அம்மாக்கண்ணு அதட்டினாள். வெட்கமாக இருந்தது. வெட்கத்தை மீறிச் சிரிப்பும் வந்துவிட்டது. "தப்பா நெனைக்காதீங்கய்யா. புளிகிட்ட யாரையும் வுட மாட்டேங்குது."

அவர் கையை மெல்ல இழுத்துக்கொண்டார். பிறகு, "நல்ல புளி போல கீதே" என்று மட்டும் சொன்னார், பட்டையைப் பைக்குள் வைத்துக்கொண்டே.

அவள் குனிந்து ஒரு கைப்பிடி புளியை அள்ளி அவர் உள்ளங்கையில் வைத்தாள். அவள் கையையும் அவர் கையையும் மாறிமாறிப் பார்த்த நாய், பாயைவிட்டு விலகி, நிழலில் படுத்துத் தலையை முன்னங்கால்மேல் வைத்தது.