ஜப்பானில் காணாமல் போன மகளும் வேளாங்கண்ணி மொட்டையும்

சென்ற ஆண்டு மே மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், ஜப்பானில் ஒரு பெரிய ரயில் நிலையத்தில் என் இளைய மகள் ரோஸ்லின் காணாமல் போனாள். அப்போது அவளுக்கு இரண்டரை வயது. கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்து எங்களுக்குப் பிறந்த இரட்டைப் பெண்களில் ஒருத்தி. அவள் கிடைத்துவிட்டாள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதைப் படிக்கிற தாய்மார்களை வீணாகப் பதற வைக்க எனக்கு விருப்பமில்லை. எப்படிக் கிடைத்தாள் என்பதுதான் என் சாட்சி.

நான் திருவிடைமருதூர் பக்கத்தில் சர்வேயராக வேலை பார்க்கிறேன். அண்ணன் தம்பி வரப்புத் தகராறில் நடுவில் டேப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிற வேலை. யார் அழுதாலும் யார் சத்தம் போட்டாலும் டேப் காட்டுவதைத்தான் எழுதுவேன். என் பக்தியும் அந்த மாதிரிதான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவேன். வாசல் பக்கத்துத் தூணில் சாய்ந்து நிற்பேன். எல்லோரும் முழந்தாளிடும்போது நான் தலையை மட்டும் குனிவேன். பேன்ட் அழுக்காகும் என்று சொல்லுவேன். எங்கள் வீட்டில் ஜெபத்துக்குப் பொறுப்பு என் மனைவி ஜெசிந்தா.

பிள்ளைகள் ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டார்கள். தஞ்சாவூரில் ஒரு ஆஸ்பத்திரியில் இரண்டு கண்ணாடிப் பெட்டிகளுக்குள் மூன்று வாரம் கிடந்தார்கள். டாக்டர் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. அந்த நாட்களில் ஒருநாள் வராந்தாவில் நின்றுகொண்டு நானே நேர்ந்துகொண்டேன். "மாதாவே, ரெண்டும் பொழச்சா வேளாங்கண்ணிக்கு வந்து மொட்டை போடுறேன்." ஜெசிந்தா என்னைத் தூண்டவில்லை. என் வாயிலிருந்து தானாக வந்தது.

இரண்டும் பிழைத்தன. பெரியவளுக்கு ஆக்னஸ், சின்னவளுக்கு ரோஸ்லின் என்று ஞானஸ்நானம் கொடுத்தோம். ஒரு வயதில் இருவருக்கும் நெற்றியில் சுருள் சுருளாக முடி விழ ஆரம்பித்தது. தெருவில் போகிறவர்கள் நின்று தொட்டுப் பார்ப்பார்கள். எனக்கு அந்த முடி மேல் ஆசை வந்துவிட்டது. ஜெசிந்தா வேளாங்கண்ணி என்று பேச்செடுத்தால் மழை என்பேன், சளி என்பேன், ஆபீசில் வேலை என்பேன். இப்படியே ஒன்றரை வருஷம் ஓடிவிட்டது.

அப்போதுதான் வில்சன் போன் செய்தான். ஜெசிந்தாவின் தம்பி. ஜப்பானில் கார் உதிரிபாகம் செய்கிற கம்பெனியில் ஆறு வருஷமாக வேலை பார்க்கிறான். பிள்ளைகளை அவன் நேரில் பார்த்ததே இல்லை.

"மாமா, வர்றதா இருந்தா இந்த லீவுலயே வாங்க. அடுத்த வருஷம் நான் இங்கதான் இருப்பேன்னு சொல்ல முடியாது."

ஜெசிந்தா பள்ளி ஆசிரியை. மே மாதம் விட்டால் அவளுக்கு வேறு வழியில்லை. எனக்கோ ஜமாபந்தி நெருங்கும் நேரம். வருஷக் கணக்குகளையெல்லாம் மேலதிகாரி உட்கார்ந்து பார்க்கும்போது சர்வேயர் ஊரில் இல்லாமல் இருக்க முடியாது. "ஜமாபந்திய வச்சுக்கிட்டு ஜப்பானா?" என்று கேட்டுக்கொண்டே தாசில்தார் பதினைந்து நாள் லீவில் கையெழுத்துப் போட்டார். ஜமாபந்தி தொடங்குவதற்கு முதல் நாள் நான் வந்து நிற்க வேண்டும் என்பது ஒப்பந்தம்.

பிறகு நான் திட்டம் போட்டேன். திட்டம் போடுவதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. ஒரு நோட்டு முழுக்க எழுதினேன். எத்தனை டயப்பர், எத்தனை சட்டை, காய்ச்சல் மருந்து எந்தப் பையில், பருப்புப்பொடி எந்த டப்பாவில், விமானத்தில் யார் பக்கத்தில் யார் என்று எல்லாம் அதில் இருந்தது. இரண்டு கிலோ பொன்னி அரிசியும் ஒரு சின்னக் குக்கரும் கூட. இரட்டைத் தள்ளுவண்டி ஒன்று வாங்கினேன். வெயில் படாமல் முன்பக்கம் இழுத்துவிடுகிற துணிக் கூரை உள்ளது. பிள்ளைகளின் பெயரையும் வில்சனின் போன் நம்பரையும் அட்டையில் எழுதிப் பிளாஸ்டிக் உறை போட்டு, ஆளுக்கொன்றாகக் கவுன் பையில் வைத்தேன். இடுப்பில் கட்டிப் பிடித்துக்கொள்ள ஒரு கயிறும் தயார் செய்தேன். அதை மட்டும் ஜெசிந்தா பிடுங்கி மூலையில் எறிந்தாள்.

"பிள்ளைங்கள என்ன மாடுன்னு நெனச்சீங்களா?"

டிக்கெட் வந்தது, விசா வந்தது. அன்றைக்கு அவள் சொன்னாள்: "மொட்டை போடாம நான் பிளைட் ஏற மாட்டேன்."

நான் எத்தனையோ சொல்லிப் பார்த்தேன். பாஸ்போர்ட் போட்டோவில் முடி இருக்கிறது, ஏர்போர்ட்டில் நிறுத்திவிடுவார்கள் என்றேன். ஜப்பானில் எடுக்கிற போட்டோ ஆயுசுக்கும் இருக்கும், அதில் மொட்டைத் தலையோடு நிற்க வேண்டுமா என்றேன். வந்து போடலாம் என்றேன்.

"நேர்ந்துக்கிட்டது நீங்க. தள்ளிப் போடுறதும் நீங்க. மாதாகிட்ட என்னைய பதில் சொல்லச் சொல்றீங்களா?"

கிளம்புவதற்கு நான்கு நாள் முன்பு வேளாங்கண்ணிக்குப் போனோம். மாதம் நிறையும் முன்னே பிறந்து பெட்டியில் கிடந்த இரண்டு தலைகளும் பத்து நிமிடத்தில் வழுவழுவென்று ஆகிவிட்டன. ஆக்னஸ் கத்தினாள். ரோஸ்லின் கீழே கிடந்த முடியைக் கையால் அள்ளி என்னிடம் நீட்டினாள். ஜெசிந்தா இருவர் தலையிலும் சந்தனத்தைக் குழைத்துப் பூசிவிட்டாள். எல்லோரும் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். எனக்குக் கோபம் வந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் சாட்சி என்றால் உண்மையைச் சொல்ல வேண்டும். மாதா மேலேயே கோபம் வந்தது. இந்த ஒரு பயணம் முடியும்வரை பொறுத்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு பிள்ளைகளை நான் ஒரு போட்டோ கூட எடுக்கவில்லை. முடி வளரட்டும் என்று சொல்லிவிட்டேன். ஏர்போர்ட்டில் யாரும் எங்களை நிறுத்தவில்லை. திருச்சியில் ஒரு அதிகாரி பிள்ளைகளைப் பார்த்து, "வேளாங்கண்ணியா, திருப்பதியா?" என்று கேட்டார், அவ்வளவுதான். ஜப்பானுக்குப் போன பிறகும் ரயிலை எடுத்தேன், பூங்காவை எடுத்தேன், வயல் ஓரமாக ஓடிய சிமென்ட் வாய்க்காலை நான்கு கோணத்தில் எடுத்தேன். பிள்ளைகளை எடுக்கவில்லை. ஜெசிந்தாவிடம் இருந்ததோ படம் எடுக்காத பழைய போன். அவள் ஊரிலிருந்து கொண்டுவந்த சந்தனத்தைத் தினமும் காலையில் குழைத்துப் பூசிக்கொண்டிருந்தாள். தலை அரிக்காது என்பாள்.

ஐந்தாம் நாள் வில்சனுக்கு வேலை. வழியை எழுதிக் கொடுத்துவிட்டு, மிருகக்காட்சி சாலைக்குப் போய்வரச் சொன்னான். ரயில் நிலையத்தில் இறங்கியதும் ரோஸ்லின் ஆரஞ்சு ஜூஸைத் தன் மேல் கவிழ்த்துக்கொண்டாள். கவுனைக் கழற்றிவிட்டு ஒரு டீ-சர்ட்டும் அரை நிஜாரும் போட்டுவிட்டோம். என் பிளாஸ்டிக் அட்டையும் அவள் தொப்பியும் நனைந்த கவுனோடு பைக்குள் போய்விட்டன. ஜெசிந்தா தள்ளுவண்டியில் இருந்த ஆக்னஸுக்குக் கை துடைத்துக்கொண்டிருந்தாள். நான் ரோஸ்லினைக் கையில் பிடித்துக்கொண்டு டிக்கெட் மிஷின் முன்னால் நின்றேன். ஒரு கையில் வில்சன் கொடுத்த காகிதம், இன்னொரு கையால் பொத்தானை அழுத்த வேண்டும். அதற்காக அவள் கையை விட்டேன். திரும்பினேன். அவள் இல்லை.

கடிகாரத்தைப் பார்த்தேன். தொழில் பழக்கம். ஒன்பது நாற்பது.

பெயரைச் சொல்லிக் கத்தினேன். திருவிழாவில் தேர் வரும்போது நிற்கிற கூட்டம் அங்கே சாதாரணக் காலையில் நடந்துகொண்டிருந்தது. ஒருவரும் ஒருவரை இடிக்கவில்லை, ஒருவரும் நிற்கவும் இல்லை. சீருடை போட்ட ஒரு பெரியவரும் ஒரு இளம்பெண்ணும் ஓடி வந்தார்கள். எனக்கு அவர்கள் மொழி தெரியாது, அவர்களுக்கு என் இங்கிலீஷ் புரியவில்லை. வில்சனைக் கூப்பிட்டேன், வேலை நேரத்தில் அவன் போனை எடுக்கவில்லை. போனை எடுத்து ரோஸ்லின் படத்தைக் காட்டினேன். என்னிடம் இருந்தது அந்தப் படம்தான். நெற்றியில் சுருள் முடி, ரோஸ் கலர் கவுன். அந்தப் பெண் அதை உன்னிப்பாகப் பார்த்துவிட்டு, தன் தலைமுடியைத் தொட்டு விரலால் சுருள் சுருளாகச் சுற்றிக் காட்டினாள். நான் ஆமாம் என்றும் தலையாட்டினேன், இல்லை என்றும் தலையாட்டினேன். ஒலிபெருக்கியில் ஏதோ சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் வேறு ஏதோ சொன்னார்கள். எனக்கு எதுவும் புரியவில்லை.

ஒவ்வொரு நடைமேடையாக ஓடினேன். ரயில்கள் கதவைத் திறந்தன, மூடின, போயின. அவள் எதிலாவது ஏறியிருந்தால் எந்த ஊரில் இறக்குவார்கள்? பதினோரு வருஷம் காத்திருந்தோம். கண்ணாடிப் பெட்டியிலிருந்து மீட்டுக்கொண்டு வந்தோம். பொத்தான் அழுத்துவதற்காக நான் அவளைத் தொலைத்துவிட்டேன். மூச்சு வாங்கத் திரும்பி வந்தபோது மணி பத்து பத்து. ஜெசிந்தா தள்ளுவண்டிப் பிடியைப் பற்றிக்கொண்டு செபமாலை சொல்லிக்கொண்டிருந்தாள். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அந்தப் பளபளப்பான தரையில், அத்தனை பேர் நடுவில், முழந்தாளிட்டேன். கல்யாணத்தன்று முழந்தாளிட்டதுதான், அதற்குப் பிறகு அன்றைக்குத்தான். அழகான ஜெபம் எதுவும் வரவில்லை. "மாதாவே, முடிக்காக மொகத்தத் தூக்கி வச்சுக்கிட்டேன். தப்புத்தான். பிள்ளையக் குடுத்துரு" என்றேன்.

கண்ணைத் திறந்தேன். தள்ளுவண்டியின் துணிக் கூரைக்குக் கீழே, என் முகத்துக்கு நேராக, ஆக்னஸ் உட்கார்ந்திருந்தாள். தொப்பியைக் கழற்றி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். மஞ்சளாகச் சந்தனம் பூசிய மொட்டைத் தலை. அச்சு அசல் ரோஸ்லின்.

இரட்டைப் பிள்ளைக்குத் தகப்பன், எனக்கு இது தோன்றவில்லையே என்று நீங்கள் சிரிக்கலாம். எங்கள் கண்ணுக்கு அவர்கள் இருவரும் ஒன்றாகத் தெரிந்ததே இல்லை. நடை வேறு, குரல் வேறு, குறும்பு வேறு.

போனைப் பைக்குள் போட்டேன். ஆக்னஸைத் தூக்கிக்கொண்டு போய் அந்தப் பெரியவர் முன்னால் நிறுத்தினேன். தலையைத் தொட்டுக் காட்டினேன். இரண்டு விரலைக் காட்டி, "சேம், சேம்" என்றேன். அவர் ஆக்னஸையே பார்த்தார். பிறகு இடுப்பில் இருந்த கருவியில் ஏதோ சொன்னார். சொல்லிக்கொண்டே ஓட ஆரம்பித்தார். நாங்களும் பின்னால் ஓடினோம்.

கீழ்த்தளத்தில் ஒரு சின்ன அறை. உள்ளே துப்புரவு வேலை செய்கிற ஒரு பெண்மணியின் மடியில் ரோஸ்லின் உட்கார்ந்திருந்தாள். கையில் சோற்று உருண்டை. கன்னமெல்லாம் பருக்கை.

"அப்பா, சோறு" என்றாள்.

வில்சன் சாயங்காலம் அவர்களோடு போனில் பேசி விவரத்தைக் கேட்டுச் சொன்னான். அவள் காணாமல் போன பத்தாவது நிமிடமே கிடைத்துவிட்டாளாம். சோற்றுக் கடைக் கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். நிஜாரும் மொட்டையுமாக இருந்ததால் பையன் என்று நினைத்து, ஒரு பையன் இருக்கிறான், பெற்றோர் வரவும் என்று ஒலிபெருக்கியில் இரண்டு முறை சொல்லியிருக்கிறார்கள். இன்னொரு பக்கம் சுருள் முடிக்காரப் பெண்ணையும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை.

அந்த அறையில் நான் வாய்விட்டு அழுதேன். ஜெசிந்தா அந்தப் பெண்மணியைக் கும்பிட்டாள். அந்தம்மா குனிந்து வணங்கினார். இவள் மறுபடி கும்பிட, அவர் மறுபடி குனிந்தார். யார் முதலில் நிறுத்துவது என்று தெரியாமல் நான்கைந்து முறை நடந்தது. பிறகு அவர் ரோஸ்லின் தலையைத் தொட்ட விரலை முகர்ந்து பார்த்துச் சிரித்தார். நான் போனை எடுத்து, இரண்டு பிள்ளைகளையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, ஜப்பானில் முதல் முறையாக அவர்களைப் படம் எடுத்தேன். மொட்டைத் தலையோடு, பருக்கையோடு.

ஆபீசில் இதைச் சொன்னபோது ஒரு நண்பர் கேட்டார்: "மொட்டையே போடாம இருந்திருந்தா போட்டோவக் காட்டினதுமே கெடச்சிருப்பாளே சார்?" நியாயமான கேள்வி. நானும் வெகுநாள் யோசித்தேன். குழப்பம் மொட்டையால் வரவில்லை. கொடுத்துவிட்டு, கொடுக்காத மாதிரி போனில் சுருள் முடியை வைத்துக்கொண்டு திரிந்தேனே, அதனால் வந்தது. கொடுத்ததை மனசோடு கொடுத்திருந்தால் கையில் சரியான படம் இருந்திருக்கும்.

எப்படியும் கிடைத்திருப்பாள் என்றும் சொல்கிறார்கள். கிடைத்திருக்கலாம். நான் அளந்து எழுதுகிற ஆள், அதனால் அளந்தே பார்த்தேன். வீட்டுக்கு வந்ததும் அதே தள்ளுவண்டியில் ஆக்னஸை உட்கார வைத்து, கூரையை இழுத்துவிட்டு, எதிரே நின்று பார்த்தேன். துணி மட்டும்தான் தெரிகிறது. குனிந்து பார்த்தேன். கால் தெரிகிறது. முழந்தாளிட்டால்தான் தலை தெரிகிறது. மூன்று முறை பார்த்துவிட்டேன். டேப் காட்டுவதைத்தான் எழுதுகிறேன்.

இப்போது பூசையில் நான் தூண் பக்கம் நிற்பதில்லை. மூன்றாம் வரிசையில், ஜெசிந்தா பக்கத்தில். முட்டி வலிக்கத்தான் செய்கிறது. பிள்ளைகளுக்கு முடி மறுபடி வளர்ந்து, பழையபடி சுருண்டு விழுகிறது. ஆனால் எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருப்பது அந்த மொட்டைத் தலைப் படம்தான். வருகிறவர்கள் ஜப்பானில் எடுத்ததா என்று ஆச்சரியப்படுவார்கள்.

சகோதர சகோதரிகளே, உங்களில் யாராவது நேர்ந்துகொண்டதைத் தள்ளிப் போட்டுக்கொண்டோ, என்னைப் போல முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு செலுத்தியோ இருக்கலாம். பயப்படாதீர்கள். மாதா கணக்குப் பார்ப்பவள் இல்லை, தாய். நம்பிக் கேளுங்கள். நின்றுகொண்டு கேட்டாலும் அவளுக்குக் கேட்கும், ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் நின்றுகொண்டு கேட்டதைக் கொடுத்தாளே. கொடுத்திருப்பதைப் பார்க்கத்தான் எனக்கு முழந்தாளிட வேண்டியிருந்தது.