கஞ்சி காய்ச்சியவரின் கோப்பை

கல்முனையில் எங்கள் பள்ளிவாசலுக்கு நோன்புக் கஞ்சி காய்ச்சுபவர் அவர்; எனக்கு மூத்தவர், ‘காக்கா’ என்றுதான் கூப்பிடுவேன். நெடிய உடம்பு, புகையில் சிவந்த கண்கள். தான் காய்ச்சும் கஞ்சியை மட்டும் குடிக்கமாட்டார். பேரீச்சம்பழமும் தண்ணீருமே அவருடைய நோன்பு திறப்பு. காரணம் எனக்குத்தான் தெரியும். நெஞ்செரிவுக்கு என் பாமசியில்தான் மாத்திரை எடுப்பார். இஞ்சி, மிளகு ஆகாது, சாப்பிட்டவுடன் குனியவே கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

“ஒருத்தருக்கும் சொல்லிராதீங்க தம்பி. வயிறு கெட்டவன் காய்ச்சினா ஆரு குடிக்கிற?”

அன்று நோன்பு திறக்கும்போது ஒருவர் எல்லார் முன்னிலும் கேட்டார்: “நீங்க ஏன் குடிக்கிறல்ல? அதுக்குள்ள என்னத்தப் போட்டு வெச்சிரிக்கீங்க?”

வாய்க்குப் போன கோப்பைகள் நின்றன. எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்தார். நான் ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்து வாயில் போட்டேன். அவர் ஒரு கோப்பையை எடுத்து ஒரே மூச்சில் குடித்து முடித்தார்.

மஃரிப் தொழுகையில் என் பக்கத்தில்தான் நின்றார். சுஜூதில் நெற்றி தரையில் பட்டபோதெல்லாம், மேலே வந்ததை அவர் விழுங்கும் சத்தம் கேட்டது. ஸலாம் கொடுத்துத் தொழுகை முடிந்ததும் ஈரக் கண்களோடு திரும்பினார்.

“நாலு வருசத்துக்குப் பொறகு குடிச்சன். நல்லாத்தான் இரிக்கி, என்ன தம்பி?”

“ஓம் காக்கா” என்றேன்.

எல்லாம் தெரிந்த நானும், அந்தக் கேள்விக்குப் பிறகு, என் கோப்பையைத் தொடாமல்தான் தொழ எழுந்திருந்தேன்.