ஒத்திகையில் நான்தான் எதிரி

கடல் போலீசில் இருந்த காலத்தில் ஒரு நாள்கூட நான் நிம்மதியாக உட்கார்ந்ததில்லை. படகில் உட்கார்ந்தால் குமட்டல். கரையில் உட்கார்ந்தால் கடலில் என்ன நடக்கிறதோ என்று பதைப்பு. தர்மபுரிப் பக்கம் பிறந்தவனுக்கு ஏரி தெரியும், கிணறு தெரியும். அவனைக் கொண்டுவந்து நிறுத்தி, இந்தக் கடலைக் காவல் காத்துக்கொள் என்றால் அவன் என்னதான் செய்வான்? சைதாப்பேட்டை வீட்டில் என் மனைவி எனக்கு வைத்த பெயர் ‘வாந்தி ஏட்டு’.

இந்தப் பிரிவு தொடங்கியபோது வேலை வேறு. இலங்கையில் சண்டை நடந்த காலத்தில், இருட்டில் வந்துபோகும் படகுகளைப் பிடிக்க ஆரம்பித்தது என்று சீனியர்கள் சொல்வார்கள். அப்புறம் மும்பையில் கடல் வழியாக வந்து சுட்டார்கள். நாட்டுக்குத் தன் கடற்கரை ஞாபகம் வந்தது அதற்குப் பிறகுதான். புதுப் படகு, புது ஸ்டேஷன், அதில் உட்கார என்னைப் போலத் தரையில் லத்தி சுழற்றியவர்கள். ஆனால் எங்களிடம் இருந்த படகையும் டீசலையும் வைத்துக்கொண்டு அத்தனை கடலையும் பார்த்துவிட முடியுமா? மீனவர்கள்தான் பார்க்க வேண்டும், பார்த்ததும் எங்களுக்குப் போன் போட வேண்டும். எத்தனை பேர், எந்தப் பக்கமிருந்து, கையில் என்ன என்று வரிசையாகச் சொல்ல வேண்டும். அதை அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் எனக்குக் கொடுத்த வேலை.

அடையாற்று முகத்துவாரத்துக்கு வடக்கே ஒரு குப்பம் என் பொறுப்பு. முதலில் ஒருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் விடவில்லை. கல்யாணம், காதுகுத்து, சாவு எல்லாவற்றுக்கும் போனேன். அவர்கள் படகிலேயே ஏறி அவர்கள் எதிரிலேயே வாந்தி எடுத்தேன். சிரித்தார்கள், தண்ணீர் கொடுத்தார்கள். ஆனாலும் நான் ‘போலீஸ் சார்’தான். நம்ம ஆளு என்று ஒரு வாய் சொல்லாதா என்று எனக்குள் ஓர் அற்ப ஆசை. அதை யாரிடமும் சொன்னதில்லை. அதிகாரியிடம் மட்டும் ஒரு நாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, “எங்க குப்பத்துக்காரங்க கண்ணுல படாம ஒரு நண்டுகூடக் கரையேறாது சார்” என்று சொல்லிவிட்டேன்.

அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். அவ்வப்போது எங்களுக்கு ஒத்திகை நடக்கும். எங்கள் ஆட்களிலேயே சிலர் எதிரிகளாக வேஷம் போட்டு, டம்மி குண்டோடு கடலிலிருந்து ஊருக்குள் நுழையப் பார்ப்பார்கள். பிடிபட்டால் சட்டைப்பையில் இருக்கும் ஒத்திகை அட்டையைக் காட்டிச் சரணடைய வேண்டும். அதுவரை மூச்சுவிடக் கூடாது. அந்த முறை எதிரி வேஷத்துக்கு வெளியூரிலிருந்து வந்த ஒருவருக்கு வயிற்றுப்போக்கு. அதிகாரி என்னைப் பார்த்தார். “நீ போய்யா. நண்டு எப்படிக் கரையேறுதுன்னு பாப்போம்.”

லுங்கி கட்டிக்கொண்டேன். ‘குண்டு’ என்று காகிதம் ஒட்டிய பிஸ்கட் டப்பாவை மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டேன். வேறு ஊர்ப் படகு, முன்பின் தெரியாத மூன்று ஆட்கள். விடிந்து கொஞ்ச நேரத்தில் எங்கள் குப்பத்துப் படகு ஒன்று எதிரே வந்தது. சந்தேகத்தோடு கிட்டே நெருங்கினார்கள். அப்படித்தான், அப்படித்தான் என்று உள்ளுக்குள் குதித்தேன். பிடியுங்கடா! ஊர்த் தலைவரே சுக்கான் பிடித்திருந்தார். அவர் பார்வை மூன்று பேரையும் தாண்டி என்மேல் வந்து நின்றது. கையைத் தூக்கி ஆட்டினார். படகு திரும்பிப் போய்விட்டது.

என்னை மட்டும் கரையில் இறக்கிவிட்டு எங்கள் படகு போனது. எதிரே மீன் விற்கும் அக்கா ஒருத்தி கூடையோடு நின்றிருந்தாள்.

“இன்னா சார், லுங்கில வந்துக்கீறே? மூஞ்சி வேற செத்துப்போய்க் கீது. வாந்தியா?”

தலையை ஆட்டினேன். கேளு, பையில் என்னவென்று கேளேன் என்று கண்ணாலேயே கெஞ்சினேன். அவள் கேட்கவில்லை. பேப்பரில் நாலு சங்கரா மீனைச் சுற்றி என் பைக்குள், குண்டுக்கு மேலே திணித்தாள். “இத்த எடுத்துனு போயி கொழம்பு வைக்கச் சொல்லு. ஒடம்பு தேறும்.”

சாந்தோம் சாலையில் சோதனைச்சாவடி. என்னைத் தெரியாத கான்ஸ்டபிள், பையைத் திறந்தான், மூக்கைப் பொத்திக்கொண்டு போகச் சொன்னான். கச்சேரி ரோடு முழுக்க நடந்தேன். யாராவது தோளைத் தொட மாட்டார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன். எனக்குச் சொல்லியிருந்த இடம் மயிலாப்பூர் ரயில் நிலையம். அங்கே பெஞ்சுக்கு அடியில் டப்பாவை வைத்துவிட்டு நிமிர்ந்தேன். நான் ஜெயித்துவிட்டேன். அவ்வளவு கேவலமாக நான் எதிலும் ஜெயித்ததில்லை.

மறுநாள் குப்பத்தில் வலை பின்னும் கூடத்தில் கூட்டம். அதிகாரி குதித்தார். “உங்களுக்குக் கண்ணு இருக்கா இல்லையா? ஒருத்தனும் பாக்கலையா?”

தலைவருக்கு அதுதான் பொறுக்கவில்லை. கடலில் ஒன்றைப் பார்க்கவில்லை என்று அவரிடம் யாரும் சொன்னது கிடையாது. “பாத்தோம் சார். கடல்லயே பாத்தோம். வேத்தாளுங்ககூட வந்துக்கினு இருந்தாரு, அதையும் பாத்தோம்.”

“அப்புறம் ஏன்யா போன் பண்ணலை?”

“அவுரு நம்ம ஆளு சார். நம்ம ஆள எப்டி சார் புடிச்சிக் குடுக்கறது?”

எத்தனை நாள் ஏங்கிய வார்த்தை! அதை இப்படிக் குற்றப்பத்திரிகை மாதிரி வாசிக்கும்போதா கேட்க வேண்டும்? குப்பத்துக்குக் கெட்ட பெயர் வந்தது. அங்கே எனக்குப் பழக்கம் மிஞ்சிவிட்டது என்று சொல்லி என்னைத் தரை ஸ்டேஷனுக்கு மாற்றிவிட்டார்கள்.

தரைக்கு வந்தும் நிம்மதி இல்லை. மேஜை ஆடுகிற மாதிரியே இருந்தது. சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, மனசு கேட்காமல், ஆழ்வார்பேட்டையில் இறங்கி இரண்டு கிலோ ஜாங்கிரி வாங்கிக்கொண்டு குப்பத்துக்குப் போனேன். மணலில் கால் வைத்ததும் அதே அக்கா எதிரே வந்து நின்றாள்.

“பைய காட்டு சார்.”

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. பையை வாங்கி டப்பாவைத் திறந்து, ஜாங்கிரியை ஒவ்வொன்றாகத் தூக்கி அடிவரை பார்த்தாள். பொடியன்கள் சுற்றி நின்றுகொண்டார்கள். “தப்பா நெனச்சிக்காத. யாரா இருந்தாலும் பாக்கணும்னு சொல்லிக் கீறாங்க” என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது, என் கண்ணும்தான்.

தலைவர் கொஞ்சம் தள்ளி நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். ஒரே ஆள், மேற்குப் பக்கமிருந்து, கையில் ஒரு பை. நான் சொல்லிக்கொடுத்த வரிசை, ஒன்றுகூடப் பிசகவில்லை. சபாஷ் என்று கத்த வேண்டும்போல் இருந்தது.

ஆள் யார் என்று அந்தப் பக்கம் கேட்டிருப்பார்கள் போலிருக்கிறது. அவர் என் முகத்தைப் பார்க்காமல் கடலைப் பார்த்தார்.

“வெளியாளு சார்” என்றார்.